வலமிருந்து இடமாக ஒரு வாசல்

அந்தக் கோட்டை வாசலின் மேல் நான்கு சீன எழுத்துகள் பொறித்திருந்தார்கள். பழைய பலகை என்பதால் வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும் என்று மொழிபெயர்ப்புக்கு வந்த பெண் சொன்னதும், எங்கள் மேனேஜர் பாய் என் தோளைத் தட்டினார். "பாத்தியாப்பா! நம்ம உருது மாதிரியே!" சீனாவில் சொந்தக்காரர் வீட்டைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் அவருக்கு.

ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் பக்கிளும் லைனிங்கும் வாங்கத்தான் இருவரும் போயிருந்தோம். பாய் லைனிங் துணியைக்கூட மோந்து பார்த்துத்தான் விலை பேசுவார், கடைக்காரர்கள் மிரண்டுபோனார்கள். வேலை முடிந்த மறுநாள் இந்தப் பழைய ஊரைப் பார்க்கக் கிளம்பினோம். அந்தக் காலத்தில் அரசாங்கப் பரீட்சைக்குப் போகிற படிப்பாளிகள் இந்த வாசல் வழியாகத்தான் புறப்படுவார்களாம். வழியனுப்ப வந்த நண்பர்கள் இங்கேயே நின்று இரண்டு வரிக் கவிதை சொல்வார்களாம். "ரெண்டு வரின்னா நம்ம ஷேர்தானே?" என்றார் பாய். உருதுவில் ஈரடிக் கவிதைக்கு அதுதான் பெயர். சொல்லிவிட்டு அந்த வாசல் வளைவையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

காரணம் எனக்குத் தெரியும். வாலிபத்தில் ஊர் முஷாயிராவில், அதாவது உருதுக் கவியரங்கத்தில், பாய் ஒரே ஒரு முறை மேடை ஏறியிருக்கிறார். முதல் வரியைச் சொன்னாராம். இரண்டாவது மறந்துபோய் இறங்கிவிட்டாராம். கம்பெனியில் அதைச் சொல்லிக் கிண்டல் செய்யாத ஆளில்லை. அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஆனால் மறுபடி மேடைப் பக்கம் போகவே இல்லை.

பாய் வளைவின் கீழே போய் நின்று தொண்டையைக் கனைத்தார். ஒரு வரி சொன்னார். நிறுத்தினார். முகம் வெளிறிவிட்டது. எனக்கு உருது தெரியாது. ஆனால் ஆம்பூரில் முஷாயிரா மைக்செட் கேட்டு வளர்ந்தவனுக்கு, முதல் வரி முடிந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாதா? "வாஹ், பாய், வாஹ்!" என்று சபாஷ் போட்டுக் கத்தினேன். அதுதான் முறை போலிருக்கிறது என்று அந்தப் பெண்ணும் "வாஹ்" என்றாள். நிழலில் சீட்டாடிக்கொண்டிருந்த கிழவர்களும் சும்மா இருக்கவில்லை, ஆளுக்கொரு "வாஹ்" போட்டார்கள். பாய் முதல் வரியை இன்னொரு தடவை சொன்னார். கூடவே இரண்டாவது வரியும் தடுமாறாமல் வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"அர்த்தம் இன்னா பாய்?"

"காதல் சமாச்சாரம்பா. பொண்ணு நிக்குது, சும்மாரு."

"இத்தினி வருஷம் கழிச்சி எப்டி ஞாபகம் வந்துச்சி?"

"மறந்தாத்தானே? அன்னைக்கும் ஞாபகம் இருந்துச்சிப்பா. ஒருத்தன்கூட வாஹ் சொல்லல. அப்புறம் எப்டி அடுத்த வரி சொல்றது?"

இப்போது பாய் ரிட்டயர் ஆகிவிட்டார். ஊரில் முஷாயிரா என்றால் மேடை ஏறுகிறார். முன்வரிசையில் நான் உட்கார்ந்திருக்கிறேனா என்று பார்த்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார். எனக்கு இன்னமும் உருது தெரியாது.