இரண்டு பிரதேசமும் ஒரு கான் மூடியும்

உள்ளூராட்சித் தேர்தல் வந்தபோது எங்கள் வட்டாரத்தில் நின்ற வேட்பாளர்கள் எல்லோருக்கும் மனது மிகப் பெரிதாக இருந்தது. ஒருவர் திருகோணமலைத் துறைமுகத்தை மீட்டுத் தருவேன் என்றார். இன்னொருவர் எண்ணெய்க் குதங்கள் என்ற பெரிய தாங்கிகளை ஒன்றுவிடாமல் மீட்டுத் தருவேன் என்றார். மூன்றாமவர் ரியூசன் மாஸ்டர், படித்த மனிதர். ஆகவே சர்வதேசத்தை எங்கள் பக்கம் திருப்பப்போவதாகச் சொன்னார். எங்கள் வட்டாரம் என்பது நகரத்துக்கு வடக்கே கடற்கரையை ஒட்டிக் கிடக்கும் ஐந்தாறு ஒழுங்கைகள், ஒரு பள்ளிக்கூடம், ஓர் அம்மன் கோயில், எண்ணி முடிக்க ஏலாத நாய்கள். இதற்கு ஓர் உறுப்பினர். அவருடைய கைக்குள் துறைமுகம் எப்படி அடங்கும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் துறைமுகம் வேண்டாம் என்று சொன்ன துரோகியாகி விடுவோம்.

எனக்கு வேண்டியிருந்தது ஒரு கான் மூடி.

எங்கள் ஒழுங்கை பெரிய தெருவில் ஏறும் இடத்தில் ஒரு கான் குறுக்கே ஓடுகிறது. ஊரின் மழைத் தண்ணீர் எல்லாம் அதற்குள் விழுந்துதான் கடலுக்குப் போகும். இடுப்பளவு ஆழம். அதன் மேல் ஒரு கொங்கிறீட் மூடி கிடந்தது. யாரோ வீடு கட்ட மணல் கொண்டு வந்த டிப்பர் பின்பக்கமாக ஏறி அதை இரண்டாக உடைத்துக் கானுக்குள் போட்டுவிட்டுப் போய்விட்டது. பக்கத்துப் பெடியங்கள் இரண்டு தென்னங்குற்றியை உருட்டிப் போட்டார்கள். நடப்பவர்கள் நடந்தார்கள். சைக்கிள்காரர்கள் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். ஊருக்குப் பிரச்சினை தீர்ந்தது.

எனக்குத் தீரவில்லை. என் கணவர் சக்கர நாற்காலியில் இருப்பவர்.

வள்ளங்களின் எஞ்சின் திருத்துவதுதான் இவருடைய தொழில். பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்த பிறகும் தொழிலை விடவில்லை. பின்னேரங்களில் நான் கதிரையைத் தள்ளிக்கொண்டு கரைக்குப் போவேன். இவரைக் கண்டதும் யாராவது எஞ்சினை இழுத்து உறும விடுவார்கள். இவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு இடது கையால் ஓர் இடத்தைக் காட்டுவார். சில நாட்களில் பிழையான இடத்தையும் காட்டுவார். ஆனாலும் கேட்டார்கள், அது பெரிய விசயம். வாய் திக்கினாலும் கரையில் இருக்கும்போது இவருக்குப் பேச்சு வரும். ஏச்சும் வரும்.

மூடி உடைந்ததோடு எல்லாம் நின்றது. பலகை போட்டுத் தள்ளிப் பார்த்தேன். ஒரு சில்லு நழுவி இவர் கானுக்குள் சரியப் பார்த்தார். அயலவர்களைக் கூப்பிட்டால் தூக்கிவிடுவார்கள்தான். ஆனால் நாளாந்தம் தூக்கு, நாளாந்தம் இறக்கு என்று யாரிடம் கேட்பது? இவருக்கும் அது பிடிக்கவில்லை. "நான் என்ன மீன் பெட்டியோ?" என்றார். அதுதான் கடைசியாகச் சொன்ன நீளமான வசனம். பிறகு முன்வாசலில் இருந்து எதிர்வீட்டு மதிலைப் பார்க்கத் தொடங்கினார். மாதங்கள் போகப் போகப் பேச்சும் குறைந்தது. சாப்பாடு வேணுமா என்றால் தலையாட்டல். நான் பயந்துபோனேன். டிப்பர்காரனை நினைத்து நான் விட்ட சாபங்கள் பலித்திருந்தால் அவன் வம்சமே கானுக்குள் கிடக்க வேண்டும்.

சரி, முறையிடுவோம் என்று கிளம்பினேன். எங்கே முறையிடுவது? "பிரதேசத்தில குடுங்கோ" என்றார்கள் எல்லோரும். எங்கள் ஊரில் எந்த அலுவலுக்கும் ஒரே விடைதான்: பிரதேசம். நானும் பஸ் ஏறிப் போனேன். வரிசையில் இருந்தேன். என் முறை வந்தபோது கதிரையில் இருந்த உத்தியோகத்தர் நான் சொன்னதை மிகப் பொறுமையாகக் கேட்டார்.

"அம்மா, இதை நீங்கள் பிரதேசத்தில சொல்ல வேணும்."

"இதுதானே தம்பி பிரதேசம்?"

"இது பிரதேச செயலகம். நீங்கள் போக வேண்டியது பிரதேச சபை."

"ரெண்டும் பிரதேசம்தானே?"

"ஓம். ஆனா வேற பிரதேசம்."

வீட்டுக்கு வந்து இவருக்குச் சொன்னேன். பெரிய விசயமப்பா, ஒரு கந்தோரால் முடிகிற வேலை இல்லை, பல இடம் போக வேண்டும் என்றேன். இவர் மதிலைப் பார்த்தபடி கேட்டார்.

அடுத்த முறை மற்றப் பிரதேசத்துக்குப் போனேன். அங்கே ஒரு சுவரில் சபையின் வேலைகளை எழுதி வைத்திருந்தார்கள். காத்திருந்த நேரத்தில் வாசித்தேன். ஒழுங்கைகள், கான்கள், தெரு விளக்கு, குப்பை, சந்தை, வாசிகசாலை, மயானம், விளையாட்டுத் திடல். அவ்வளவுதான். துறைமுகத்தைத் தேடினேன், இல்லை. சர்வதேசமும் இல்லை. செயலகத்தில் இருப்பவர் அரசாங்கம் அனுப்பிய உத்தியோகத்தர், அவரை நாங்கள் தெரிவு செய்வதும் இல்லை, இறக்குவதும் இல்லை; சபைக்குத்தான் நாங்கள் வாக்குச்சீட்டில் புள்ளடி போட்டு ஆட்களை அனுப்புகிறோம் என்று அந்தச் சுவருக்கு முன்னால் நின்றுதான் எனக்கு விளங்கியது. பதினெட்டு வயதில் இருந்து புள்ளடி போட்டு வந்தவள் நான். எதற்குப் போட்டேன் என்று தலை நரைத்த பிறகு தெரிந்துகொண்டேன். பரவாயில்லை, சிலருக்கு அதுவும் தெரியாது.

அங்கிருந்த உத்தியோகத்தரும் நல்லவர். "மூடி எங்கட வேலைதான் அம்மா," என்றார். எனக்கு அவரைக் கும்பிட வேண்டும் போல இருந்தது. "ஆனா இப்ப சபை இல்லை. காலம் முடிஞ்சு கலைஞ்சு போச்சு. தேர்தல் நடந்து உங்கட வட்டாரத்துக்கு உறுப்பினர் வரட்டும். அவர் சபையில சொன்னா கெதியா நடக்கும்."

தேர்தலோ பின்னுக்குப் பின்னுக்குப் போய்க்கொண்டிருந்தது. நாட்டில் தேர்தலுக்காக உண்மையில் ஏங்கிய ஒரே ஆள் நானாகத்தான் இருக்கும்.

ஒருவழியாக அறிவித்தார்கள். வேட்பாளர்கள் வீடுவீடாக வந்தார்கள். எங்கள் வீட்டுக்கு வருவதென்றால் கானைத் தாண்ட வேண்டும். வேட்டியை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, மற்றக் கையை ஆதரவாளரின் தோளில் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் தாண்டினார்கள். ரியூசன் மாஸ்டர் காற்சட்டைக்காரர், ஒரே பாய்ச்சலில் வந்தார். தாண்டி வந்தவர்கள் ஒருவர்கூடத் திரும்பி எதைத் தாண்டினோம் என்று பார்க்கவில்லை. இவரும் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மதிலைவிட அது சுவாரசியமாக இருந்திருக்கும்.

நான் எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்டேன். "வெண்டு போனால் உங்களுக்கு என்ன வேலை?" ரியூசன் மாஸ்டர் உரிமை, சுயமரியாதை, தேசம் என்று ஒரு பாடமே எடுத்தார். கூரை ஏறிக் கோழி பிடிக்க ஏலாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டுவானாம் என்று எங்களிடம் ஒரு பழமொழி இருக்கிறதே, அதை மனதுக்குள் சொல்லிக்கொண்டு தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

கடைசியாக வந்தவர் ஐஸ் முதலாளி. கரையில் மீனுக்கு ஐஸ் போடுகிறவர், எல்லோருக்கும் தெரிந்தவர், நல்ல குணம். துறைமுகத்தை மீட்கப் போகிறவர் அவர்தான். நான் வாசலிலேயே மறித்தேன்.

"தம்பி, துறைமுகம் இருக்கட்டும். இந்தக் கான் மூடி ஆர்ர வேலை?"

அவர் அப்போதுதான் கானைப் பார்த்தார். "சீ, இதென்ன அநியாயம்! இது பிரதேசத்தில கதைக்க வேணும் அக்கா. நான் வெண்டு வந்தால் அண்டைக்கே பிரதேசத்துக்குப் போய் மேசையில அடிச்சுக் கேப்பன். ஏன் செய்யேல்ல எண்டு கேப்பன்."

"நீங்கள் வெண்டால் நீங்கள்தான் தம்பி பிரதேசம்."

அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. "உங்கட வாயால அப்பிடிச் சொல்லிப்போட்டீங்கள், அது போதும் அக்கா!" என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கூட வந்தவர்கள் கைதட்டினார்கள். நான் அவருக்குப் பாடம் சொல்லப் போனவள், ஆசீர்வாதம் கொடுத்தவளாகி நின்றேன்.

வாக்களிப்பு நாளன்று காலையில் ஐஸ் முதலாளியின் ஆட்கள் நாலு பேர் வந்தார்கள். வாக்காளரை வாகனத்தில் ஏற்றுவது குற்றமாம். தூக்குவது குற்றமில்லைப் போலும். "ஐயாவை நாங்கள் கொண்டு போறம்" என்றார்கள். மீன் பெட்டி என்று இவர் மறுப்பார் என நினைத்தேன். மறுக்கவில்லை. சேட்டுப் போட்டுவிடு என்று கையால் காட்டினார். கதிரையோடு தூக்கிக் கானைக் கடத்தி, கோயில் சாமியைப் போலப் பள்ளிக்கூடம் வரைக்கும் கொண்டு போனார்கள். தெருவில் ஏறிய உடனே கடல் தெரிந்தது. இவர் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டே போனார். பின்னால் நடந்துபோன எனக்கு அழுகை வந்தது. சும்மா அழுகையில்லை, கோபத்தோடு வந்த அழுகை.

உதவிக்கு நான் கூடப் போகலாம் என்று உள்ளே விட்டார்கள். இவர் இடது கையால் தானே புள்ளடி போட்டார். யாருக்கு என்பது இரகசியம். புள்ளடி கட்டத்துக்கு வெளியே போகாமல் இருந்ததே எனக்குப் பெரிய சந்தோசம்.

வெளியே வந்து பார்த்தால் நாலு பேரையும் காணவில்லை. வேறு வாக்குகளைத் தூக்கப் போய்விட்டார்கள். நான் தனியே தள்ளிக்கொண்டு எங்கள் ஒழுங்கை வாசல் வரை வந்தேன். கானுக்கு அந்தப் பக்கம் வீடு தெரிகிறது, காயப்போட்ட உடுப்புத் தெரிகிறது, போக வழியில்லை. "போகேக்க ஐயா, வரேக்க ஆரோ" என்று உரத்துத் திட்டினேன். இவர் என் கையைத் தட்டினார்.

"கரைக்குப் போவம்," என்றார்.

போனோம். அன்று வள்ளங்கள் கடலுக்குப் போகவில்லை, எல்லோரும் கரையில் நின்றார்கள். இவரைக் கண்டதும் ஓர் ஆரவாரம். எஞ்சின் ஒன்றை இழுத்தார்கள். இவர் கண்ணை மூடிக் கேட்டார், காட்டினார், ஏசவும் செய்தார். வெயில் தாழ்ந்த பிறகு அவர்களே தூக்கி வந்து வீட்டில் விட்டார்கள். அடுத்த நாள் இவர் மறுபடியும் மதிலுக்கு முன்னால்.

ஐஸ் முதலாளி வென்றார். வெடி கொளுத்தினார்கள். மாலையோடு நன்றி சொல்ல வந்தார், கானைத் தாண்டித்தான் வந்தார். நான் மூடியை ஞாபகப்படுத்தினேன். "மறப்பனா அக்கா? நாளைக்கே பிரதேசத்துக்குப் போறன்" என்றார். இந்த முறை நான் திருத்தவில்லை. திருத்தினால் இன்னொரு முறை கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

சில நாட்கள் கழித்து ஓட்டமும் நடையுமாக வந்தார். வந்த வேகத்தில் தென்னங்குற்றியில் கால் சறுக்கி விழப் பார்த்தார். நல்லூழ், விழவில்லை.

"அக்கா, செயலகத்துக்குப் போய் மேசையில அடிச்சுக் கேட்டனான். அவை சொல்லுகினம், அது எங்கட வேலையாம்!"

"ஆர்ர?"

"எங்கட! சபையின்ர வேலையாம் அக்கா. உங்களுக்குத் தெரியுமே?"

தெரியாது என்று சொன்னேன். அவருடைய கண்டுபிடிப்பை ஏன் கெடுக்க வேண்டும்? அது மட்டுமில்லை, மனுசன் தன் பிழையை மறைக்காமல் வந்து சொன்னாரே என்று எனக்குக் கொஞ்சம் பிடித்தும் போய்விட்டது. சபையில் எழுந்து கேட்டாராம். கேட்டதும் சரி என்றார்களாம். அவருக்கே அது நம்ப ஏலாமல் இருந்தது.

ஒரு காலையில் சபையின் உழவு இயந்திரம் வந்தது. மூன்று பேர் இறங்கினார்கள். உடைந்த துண்டுகளைக் கானுக்குள் இருந்து தூக்கிப் போட்டார்கள். வார்த்துக் கொண்டுவந்த புது மூடியைக் கயிறு கட்டி இறக்கினார்கள். ஓரங்களுக்குச் சீமெந்து பூசினார்கள். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு குசினியில் இருந்து வருவதற்குள் வேலை முடிந்திருந்தது. உறுப்பினர் வெள்ளைச் சேட்டோடு நின்றார், படம் எடுக்க ஓர் ஆளும் நின்றார்.

சீமெந்து காயட்டும் என்று அடுத்த நாள் பின்னேரம் வரச்சொன்னார்கள். உறுப்பினரும் அதே சேட்டோடு, படக்காரனையும் கூட்டிக்கொண்டு வந்தார். நான் இவரைத் தள்ளிக்கொண்டு போனேன். மூடியின் நடுவில் சில்லு ஏறியதும் இவர் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். குனிந்து மூடியைப் பார்த்தார். ஒரு கரையில் இருந்து மற்றக் கரை வரைக்கும் பார்த்தார். ஒரு வருசத்துக்கு மேலாக நான் இவருக்கு என்னவெல்லாம் சொல்லியிருந்தேன்! செயலகம், சபை, சட்டம், தேர்தல், பெரிய விசயமப்பா, லேசில் நடக்காது. இவர் நம்பி மதிலுக்கு முன்னால் இருந்தார்.

என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இவ்வளவுதானா?" என்றார்.

வாய்க்காரி என்று ஊரெல்லாம் பெயர் எடுத்தவள் நான்; பதில் சொல்ல வாயைத் திறந்தேன். உறுப்பினர்தான் முந்திக்கொண்டார். மூடி சின்னது என்று ஐயா குறைப்படுகிறார் என நினைத்துவிட்டார் போல.

"கவலைப்படாதேங்கோ ஐயா," என்றார், படக்காரனைப் பார்த்துச் சிரித்தபடி. "அடுத்த முறையும் என்னை அனுப்புங்கோ, இதைவிடப் பெரிசாப் போட்டுத் தாறன்."