புஷ்பராணி அனுப்பாத கடை

"பல்லு புடுங்கணும்னா கிம்பர்லி ஸ்திரீட் மாடியில ஒரு சீன டாக்டர் இருக்காரு, அங்க போ. வலிக்காது. ஆனா ஓயாம பேசுவாரு லா. நீ வாயைத் தொறந்துகிட்டு ஆமான்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. மனசைத் தயார் பண்ணிகிட்டுப் போ."

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெண் தலையாட்டுவதற்குள், தையல் மெஷின் பழுது பார்க்க யார் என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்கிறார். புஷ்பராணி திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. "மார்க்கெட் பின்னால சித்தி ஹாஜரான்னு ஒரு மலாய்க்கார அம்மா. வேலை சுத்தம். மெஷினைத் தொடைச்சுக் கொண்டு போங்க, இல்லேன்னா நல்லா ஏசுவாங்க."

ஏழு இருபது ஃபெரி பட்டர்வொர்த்தை விட்டுப் பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனைத் தொடுவதற்குள் தினமும் நான்கைந்து பேருக்காவது இப்படி வழி பிறந்துவிடும். புஷ்பராணிக்கு ஐம்பத்திரண்டு வயது. பீச் ஸ்திரீட்டில் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து, டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்தபோதும் நாற்காலியை விடாதவர். யாரையும் மூன்று முறை சோதிக்காமல் அவர் சிபாரிசு செய்வதில்லை. சிபாரிசோடு அந்த ஆளின் குறையையும் சேர்த்தே சொல்லிவிடுவார். குறை தெரியாத கடை என்றால் அவருக்கு அந்தக் கடையே தெரியாது என்றுதான் அர்த்தம். அதனால்தான் சனங்கள் அவர் பேச்சைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறார்கள்.

கைப்பையில் ஒரு பிஸ்கட் டின் இருக்கும். பிஸ்கட் இருக்காது, ஃப்ளாப்பி டிஸ்க்குகள் இருக்கும். கணக்குப் போட ஒன்று, வைரஸ் பார்க்க ஒன்று, தமிழில் தட்டச்சு செய்ய ஒன்று. எல்லாம் இலவசமாகக் கிடைத்தவை. கடையில் நாற்பது வெள்ளி கொடுத்துத் திருட்டுப் பிரதி வாங்கியதாக யாராவது பெருமையாகச் சொல்லிவிட்டால் அவருக்குக் கோபம் வந்துவிடும். "இதுவும் ஓசிதான், ஆனா திருட்டு இல்ல. எழுதினவனே எல்லாருக்கும் குடுங்கன்னு உள்ளே எழுதி வச்சிருக்கான். படிச்சுப் பாரு முதல்ல!" தமிழ்த் தட்டச்சை எழுதியவன் கனடாவில் எங்கோ இருக்கும் ஒரு பையன். பிடித்திருந்தால் உங்கள் ஊர்ப் படம் போட்ட தபால் அட்டை ஒன்று அனுப்புங்கள், அது போதும் என்று கேட்டிருக்கிறான். புஷ்பராணி டிஸ்க்கோடு அட்டையையும் கொடுத்து, எழுதி வாங்கி, தானே தபாலில் சேர்ப்பார். இதுவரை முப்பத்தொரு அட்டை போயிருக்கிறது. அந்தப் பையன் வீட்டுச் சுவர் முழுக்கப் பினாங்குதான் இருக்கும்.

இத்தனை பேருக்கு இத்தனை கடை சொன்னவர் ஒரு கடையை மட்டும் சொன்னதே இல்லை. அது அவருடைய கணவரின் கடை.

விநாசித்தம்பி ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். டத்தோ கெராமாட் சாலையில் பாதிக் கடையை வாடகைக்கு எடுத்து ரேடியோ, டீவி, இப்போது கம்ப்யூட்டரும் பழுது பார்க்கிறார். கெட்டிக்காரர்தான். ஆனால் ஒரு குமிழ் கழன்று வந்த ரேடியோவை முழுக்கப் பிரித்து, அது ஏன் இத்தனை நாள் பாடியது என்று ஆராய்கிற கெட்டிக்காரர். கடை திறந்த புதிதில் புஷ்பராணி தன் மேனேஜரின் ரேடியோவை அங்கே அனுப்பிவைத்தார். அது திரும்பி வர ஐந்து மாதம் ஆயிற்று. அந்த ஐந்து மாதமும் அலுவலகத்தில் தலைநிமிர முடியவில்லை. அதோடு சரி. ஃபெரியில் டீவி என்று யாராவது வாயெடுத்தால் ஜார்ஜ் டவுன் நடுவில் கொம்தார் கட்டடத்தில் வேறொரு கடையைச் சொல்லிவிடுவார். இப்படி ஒரு கணவரும் கடையும் இருப்பது ஃபெரி சிநேகிதர்களுக்கு நான்கு வருஷமாகத் தெரியாது.

மனைவி தன் கடைக்கு யாரையும் அனுப்புவதில்லை என்பது விநாசித்தம்பிக்குத் தெரியும். போன தீபாவளிக்கு முன் ஒருநாள், சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டார்: "ஊரெல்லாம் உம்மட்ட கேட்டுத்தான் கடைக்குப் போகுது. நீர் ஏன் ராணி ஒருத்தரையும் என்னட்ட அனுப்புறதில்லை?"

"கொஞ்சம் ரசம் விடட்டோ?" என்றார் புஷ்பராணி.

அவர் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். கேட்காததுதான் புஷ்பராணியைத் தின்றது. பொய் சொல்லி ஒருவரை அனுப்பவும் மனம் வரவில்லை, அந்த முகத்தைப் பார்க்கவும் மனம் வரவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரிசி களையும் சட்டியில் கறுப்பாக ஏதோ வட்டமாக மிதப்பதைக் கண்டு கத்தினார். யாரோ காப்பி கொட்டிக் குப்பையில் எறிந்த டிஸ்க். உறையைப் பிளந்து, உள்ளே இருக்கும் மெல்லிய தகட்டை எடுத்து, சவர்க்கார நீரில் குழந்தையைக் குளிப்பாட்டுவது போல அலசிக்கொண்டிருந்தார் விநாசித்தம்பி. அதை நிழலில் காயவைத்து, வேறொரு உறைக்குள் போட்டு, துண்டு துண்டாகப் படித்து எடுக்க ஒன்பது நாள். எடுத்துவிட்டார். யாரும் கேட்காமலே இன்னும் இரண்டை அப்படி மீட்டார். புஷ்பராணி மூன்றையும் தன் அலுவலகக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். ஓர் எழுத்துகூடப் போகவில்லை. ஆனாலும் யாரிடமும் சொல்லவில்லை. ஐந்து மாத ரேடியோ அவ்வளவு சுலபமாக மறக்குமா?

போன செவ்வாய்க்கிழமை லீனா ஃபெரியில் அழுதுகொண்டு வந்தாள். அந்தத் தமிழ்த் தட்டச்சை புஷ்பராணியிடம் வாங்கிப் போனவர்களில் அவளும் ஒருத்தி. பட்டர்வொர்த்தை அடுத்த பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு, காலை ஃபெரியில் ஜார்ஜ் டவுனுக்கு வீடு திரும்புபவள். அவளுடைய அப்பா பால்ராஜ், ரப்பர் தோட்டத்துக் கோயிலில் பாடிய பழைய மாதா பாட்டுகளை மனப்பாடமாக வைத்திருந்தவர். எந்தப் புத்தகத்திலும் இல்லாத அறுபது பாட்டுகள். அவர் பாடப் பாட லீனா எட்டு மாதம் தட்டினாள். இரண்டு மாதத்துக்கு முன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுவிட்டது. முந்தின நாள் காலை மழையில் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து டிஸ்க் ஊறிவிட்டது.

"ரெண்டு காப்பி எடுத்து வைன்னு சொன்னேனே, பிள்ளை!"

"சொன்னீங்கக்கா. நாளைக்கு நாளைக்குன்னு விட்டுட்டேன். நீங்க சொல்ற கொம்தார் கடைக்கும் நேத்து சாயங்காலமே போய்ட்டு வந்துட்டேன். செத்துப்போச்சு, புதுசு வாங்கிக்கோன்னுட்டாங்க. அப்பாகிட்ட இன்னும் சொல்லல. தெனமும் கம்ப்யூட்டரையே பாத்துகிட்டு இருக்காருக்கா."

ஃபெரி கரையைத் தொட்டு, ஆட்கள் எழுந்து, லீனாவும் எழுந்த பிறகுதான் புஷ்பராணி வாயைத் திறந்தார்.

"ஒரு ஆள் இருக்காரு. ரொம்ப மெதுவு. பத்து நாள்னா இருபது நாள் ஆக்குவாரு. நடுவுல போய்க் கேட்டா ஒரு மணி நேரம் விளக்கம் சொல்லுவாரு. ஆனா இதை இந்தப் பினாங்குல அவரால மட்டும்தான் முடியும். முடியலேன்னா முடியலேன்னு சொல்லிடுவாரு."

"யாருக்கா?"

"எங்க வீட்டுக்காரரு."

அன்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் புஷ்பராணி லீனாவோடு டத்தோ கெராமாட் சாலை முனைவரை வந்தார். அதற்கு மேல் வரவில்லை. "நீயே போ. நான் வந்து நின்னா அது சிபாரிசு இல்ல, வீட்டு விஷயம் ஆயிடும்." எதிர்ச்சாரி மளிகைக் கடைக்குள் ஒதுங்கி, தேவையே இல்லாத சின்ன வெங்காயத்தைப் பொறுக்கத் தொடங்கினார். கை வெங்காயத்தில் இருந்தாலும் கண் எதிர்க்கடையை விட்டு அகலவில்லை. அந்தப் பிள்ளையின் அப்பாவுக்காகவா, தன் வீட்டுக்காரருக்காகவா என்று அவருக்கே தெரியவில்லை.

சாலையில் லாரியும் பஸ்ஸும் போய்க்கொண்டிருந்தன. பேச்சு எதுவும் கேட்கவில்லை. வேர்வையில் நனைந்த பனியனோடு மேசைமேல் குனிந்திருந்த விநாசித்தம்பி நிமிர்ந்தார். லீனா டிஸ்க்கை நீட்டி ஏதோ சொன்னாள். அவர் அதை வாங்காமல் ஏதோ கேட்டார். அவள் ஒரே ஒரு வார்த்தையில் பதில் சொன்னாள். உதட்டசைவிலேயே அது தன் பெயர் என்று புஷ்பராணிக்குத் தெரிந்தது.

விநாசித்தம்பி எழுந்தார். ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துப் போட்டு, கழுத்துப் பொத்தான்வரை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் இரண்டு கைகளையும் நீட்டினார்.