திரும்பி வந்த தொட்டிலும் தங்கச்சிமடத்துக் கயிற்றுக் கட்டிலும்

"1958 ஐப்பசி, புதன். தங்கச்சிமடம் அந்தோணிக்கு விற்ற ஸ்டாண்டுத் தொட்டில் திரும்ப வந்தது. குழந்தை நலம்."

என் நாட்குறிப்பில் இப்படி இருக்கிறது. கடைசி இரண்டு சொற்களின் கீழே கோடு போட்டிருக்கிறேன். எங்கள் கடையில் மரவேலை பார்த்த சுப்பையா ஆசாரி, இது நடந்தது 1959 என்று சாதிப்பார். தன் மூத்த மகள் கல்யாணத்தை வைத்து அவர் கணக்குப் போடுகிறார். அந்தக் கல்யாணப் பத்திரிகை என்னிடம் இருக்கிறது. அதிலும் 1958 என்றுதான் அச்சாகியிருக்கிறது.

இராமநாதபுரத்தில் ஒரு மரச்சாமான் கடையில் நான் விற்பனையாளராக இருந்தேன். முதலாளி காசிம் ராவுத்தர். கட்டில், பெஞ்சு, பீரோ, தொட்டில் எல்லாம் உண்டு. இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் படிப்பதற்காக இதை எழுதுகிறேன்.

1. வாசலில் கூட்டம்

தொட்டில் வியாபாரத்தில் அன்று இரண்டு வழக்கங்கள் இருந்தன. பிள்ளை பிறப்பதற்கு முன்னால் யாரும் தொட்டில் வாங்க மாட்டார்கள். பிறந்த பிறகு தாய்மாமன்தான் வாங்கி வர வேண்டும். ஆகவே தொட்டில் வாங்க வருகிற ஆள் எப்போதும் அவசரத்தில் இருப்பார். கடையில் நிற்பதிலேயே உயரமானதையும், கடைசல் வேலைப்பாடு அதிகம் உள்ளதையும், கிளிப் பொம்மை வைத்ததையும் காட்டி, "இதைக் கட்டுங்க" என்பார். ஊர் பார்க்க எடுத்துப் போகிற பொருள், அதனால் குற்றம் சொல்ல முடியாது.

மூன்றாவது வழக்கம் ஒன்றும் உண்டு. விற்ற தொட்டில் திரும்பி வராது. வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

அன்று அந்தோணி ஸ்டேஷனிலிருந்து தொட்டிலைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே வந்தார். சுமக்க மாட்டேன் என்று கூலிக்காரர் சொல்லிவிட்டாராம். வாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள்.

"ஏலே ராமலிங்கம், அங்கன என்ன கூட்டம்?" என்று உள்ளேயிருந்து முதலாளி கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் அந்தோணியே உள்ளே வந்துவிட்டார்.

"முதலாளி, பிள்ள நல்லாருக்கு. அதை முதல்ல சொல்லிப்புடுறேன். ஸ்டேசன்லருந்து வாரேன், வழியெல்லாம் துக்கம் கேக்குறாங்க. ஒரு ஆளு தலத்துண்டையே எடுத்துட்டான். ஏய்யா, எந்தங்கச்சி மக மூச்சுமுட்டப் பால் குடிக்குதுன்னு சொன்னா நம்ப மாட்டேங்கிறான்."

"அல்ஹம்துலில்லாஹ். அப்புறம் ஏன்யா இதைத் தூக்கிட்டு வந்தே?"

அந்தோணி உட்கார்ந்து சொன்னார். தங்கை ரோசாலிக்கு மதுரை ஆஸ்பத்திரியில் வயிற்றில் ஆபரேஷன் செய்து பிள்ளை எடுத்திருந்தார்கள். கணவர் மீன்பிடித் தொழிலுக்குத் தூத்துக்குடிப் பக்கம் போயிருந்ததால், தங்கச்சிமடத்தில் மாமியார் சவேரியம்மாள்தான் கவனித்துக்கொண்டார். ரோசாலி குனியக்கூடாது, எக்கக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. படுத்தபடிதான் பால் கொடுக்க வேண்டும். நாங்கள் விற்ற தொட்டிலோ நிற்கிற ஆளின் இடுப்பு உயரம். படுத்திருப்பவள் கைக்குத் தொட்டிலின் கால்தான் எட்டும். விட்டத்தில் சேலையைத் தூளியாகக் கட்டலாம் என்றால், வாடைக்காற்றில் ஓலை வீட்டின் விட்டமே ஆடுகிறது. பக்கத்தில் போட்டுக்கொள் என்றால், மருந்து மயக்கத்தில் பிள்ளை மேல் புரண்டுவிடுவோமோ என்று அவளுக்கே பயம். பிள்ளை அழும்போதெல்லாம் சவேரியம்மாள்தான் எழுந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். அவருக்கு உறக்கம் இல்லை.

"மாமி முடிவு பண்ணிட்டாங்க முதலாளி. ஞாயித்துக்கிழம ஞானஸ்நானம். அது முடிஞ்ச கையோட பிள்ளையப் பாம்பனுக்குத் தூக்கிட்டுப் போறாங்களாம். அவுக மக வீடு அங்கன இருக்கு. அவளும் பால் குடுக்குற பொம்பள. ஒரு மாசம் அவகிட்ட இருக்கட்டுங்கிறாக. அவுக சொல்லுறதும் தப்பில்ல. ஆனா எந்தங்கச்சி, ஒரு மாசத்துல எனக்குப் பால் வத்திரும், பிள்ளைக்கு என் மணமே மறந்துரும்னு அழுவுறா."

முதலாளி தொட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு இந்தச் சகுனத்துலயெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனா வாங்க வாரவனுக்கு இருக்கே. ராமலிங்கம், ஆசாரியக் கூப்பிட்டு இதைப் பிரிச்சு அடுப்புக்குப் போடச் சொல்லு. அந்தோணிக்கு வேற ஒண்ணு குடு."

வேறு ஒன்று என்றால் எதை? கடையில் இருந்தவை எல்லாம் அதே உயரம்தான். எங்கள் பட்டறையில் ஒரே அளவுகோலை வைத்து அடித்தவை. நான் அந்தோணியிடம், "உங்க தங்கச்சி எதுல படுத்திருக்காங்க?" என்று கேட்டேன். நான் கடையில் சேர்ந்து எத்தனையோ தொட்டில் விற்றாயிற்று. இந்தக் கேள்வியை நானும் கேட்டதில்லை, வேறு யாரும் கேட்டதாகவும் தெரியவில்லை.

"கயித்துக் கட்டில்ல."

"எவ்வளவு உயரம்?"

"இம்புட்டு" என்று முழங்காலுக்கு மேலே கையை வைத்தார். அந்தோணி நல்ல உயரமான ஆள். அந்த முழங்காலை நம்பி மரம் அறுக்க முடியாது. சரியாக அளந்துகொண்டு வரச் சொல்லி அனுப்பினேன்.

2. ஆடாத தொட்டில்

வியாழன் காலை வண்டியில் அந்தோணி திரும்பி வந்தார். கையில் வலைக்கயிற்றுத் துண்டு, அதில் இரண்டு முடிச்சு. "முடிச்சுக்கு முடிச்சு கட்டில் உயரம். நல்லா அளந்துட்டேன்" என்றார்.

நான் ஆசாரியிடம் யோசனையைச் சொன்னேன். ஊஞ்சல் ஸ்டாண்டைக் கழற்றிவிட வேண்டும். தொட்டில் பெட்டிக்கு நாலு கால் போட்டு, படுக்கை மட்டம் கயிற்றின் அளவுக்கு வர வேண்டும். கட்டிலை ஒட்டும் பக்கத்துக் கிராதியை அறுத்து எடுத்துவிட வேண்டும். தாய் கையை நீட்டினால் பிள்ளை.

ஆசாரி உளியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஆடாது. மூணு பக்கம் கிராதி, ஒரு பக்கம் தொறப்பு. இது தொட்டிலா தம்பி, மாட்டுக்குத் தீவனம் வைக்கிற பெட்டியா?"

அந்தோணி சிரித்தார். "எங்க சாமி பொறந்து படுத்ததே அதுலதான், ஆசாரி. நீங்க தாராளமா அடிங்க."

ஆசாரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உளியை எடுத்தார். கால்களுக்குப் பூவரசு. மூலைகளில் வெளியே தெரியாத பொருத்து. குழந்தையின் கை படும் இடமெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். வார்னிஷ் வேண்டாம் என்று அவரே சொன்னார். பச்சைக் குழந்தைக்கு அந்த நெடி ஆகாது என்பது அவர் கட்சி.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்த முதலாளி பட்டறையில் அதைப் பார்த்துவிட்டார்.

"அடுப்புக்குப் போடச் சொன்னேனே."

"உருவம் மாறிப்போச்சு முதலாளி" என்றேன்.

"உருவம் மாறுனா ஆச்சா? பார்த்தவன் தொட்டில்னுதானே சொல்லுவான்." சுற்றி வந்து பார்த்தார். திறந்த பக்கத்தில் உட்கார்ந்து கையை உள்ளே நீட்டினார். எழுந்து சொன்னார்: "பேரை மாத்துங்க. பக்கக் கட்டில்னு சொல்லுங்க. கட்டில் திரும்பி வந்துச்சுன்னா யாரும் துண்டை எடுக்க மாட்டான். ராமலிங்கம், நீயும் கூடப் போ. சரியா நிக்குதான்னு கண்ணால பார்த்துட்டு வா."

ஆர்டர் சீட்டில் அந்தப் பெயரை முதன்முதலில் எழுதியது அன்றுதான்.

3. நாலு விரல்

சனிக்கிழமை பக்கக் கட்டிலை ரயிலில் சாமான் ஏற்றும் பிரேக்வானில் ஏற்றி, பாம்பனில் வண்டி மாறித் தங்கச்சிமடம் போய்ச் சேர்ந்தோம். வீடு கடற்கரை மணலில். உள்ளேயும் தரை மணல்தான். ரோசாலி கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். சவேரியம்மாள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். கண்கள் சிவந்திருந்தன.

"வாங்க" என்றார் என்னிடம். அந்தோணியிடம், "திரும்பவும் ஒரு மரமா? வீட்டுல அடுப்பெரிக்க வெறகு இருக்குப்பா" என்றார்.

பக்கக் கட்டிலைக் கொண்டுபோய் ஒட்டி வைத்தோம். அது கயிற்றுக் கட்டிலைவிட நாலு விரல் உயரமாக நின்றது. பிள்ளையைத் தன் பக்கம் இழுக்க வேண்டுமென்றால் ரோசாலி கையை ஊன்றி எழும்பித்தான் ஆக வேண்டும். அதைத்தான் டாக்டர் கூடாது என்றிருந்தார்.

"ஆசாரி அளவு தப்பிட்டாரா?" என்று அந்தோணி கேட்டார். நான் முடிச்சுக் கயிற்றைக் காலோடு வைத்துப் பார்த்தேன். மயிரிழை தப்பில்லை.

"கட்டிலை எப்படி அளந்தீங்க?"

"எப்படின்னா? மண்ணைத் தோண்டி, காலோட அடிவரைக்கும் கயித்த விட்டேன். வள்ளத்தை அளந்தா தண்ணிக்கு மேல தெரியுறத மட்டுமா அளப்பாங்க? அடிமரம் வரைக்கும் அளக்கணும்ல."

கட்டிலின் கால்கள் நாலு விரல் ஆழம் மணலில் புதைந்திருந்தன. எங்கள் கால்கள் மணலின் மேலே நின்றன. கடல் தொழில் செய்கிறவர் தவிர வேறு யாரும் அப்படி அளந்திருக்க மாட்டார்கள்.

"பாத்தியா" என்றார் சவேரியம்மாள். "நாளைக்கு நான் பாம்பன் போறேன். எனக்கு என்ன, ஆசையா? எனக்கும் உடம்புதானே. ரெண்டு பேரையும் தூக்கிச் சுமக்க ஏலல."

அந்தோணி புதிய கால்களையும் புதைத்துவிடலாம் என்று தோண்டப் போனார். எனக்கு அது சரியாகப் படவில்லை. புதுக்கால் ஒரு மாதிரி இறங்கும், பழைய கால் ஒரு மாதிரி இறங்கும். நடுவே இடைவெளி விழுந்தால் பிள்ளை அதில் நழுவும். அதைச் சொன்னேன். அந்தோணி கையை மண்ணிலிருந்து எடுத்துவிட்டார்.

அப்போது கட்டிலிலிருந்து ரோசாலி பேசினாள். நான் அவள் குரலைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அண்ணே, அதைப் புதைக்காத. என்னையத் தூக்கு."

"உன்னையவா?"

"கட்டிலோட தூக்கு. வெளிய பழைய வள்ளத்துப் பலகை கெடக்குல்ல. ரெண்டு கட்டில் காலையும் ஒரே பலகையில நிறுத்து. இறங்குனா ரெண்டும் சேந்து இறங்கட்டும். நீ அடிவரைக்கும் அளந்தது அப்பச் சரியாத்தானே வரும்?"

அந்தோணி என்னைப் பார்த்தார். நான் கயிற்றைப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. மண்ணை விட்டு வெளியே வந்துவிட்டால் இரண்டின் காலும் ஒரே நீளம்.

அக்கம்பக்கத்தில் ஆள் கூப்பிட்டு, மூலைக்கு ஒருவராகக் கட்டிலை அவளோடு தூக்கினோம். "மெதுவா, மெதுவா, வள்ளம் இறக்குற மாதிரி இழுக்காதீங்கடா" என்று சவேரியம்மாள் அதட்டினார். இரண்டு பலகைகளைக் குறுக்கே போட்டு, அவற்றின்மேல் இரண்டு கட்டிலையும் ஒட்டி நிறுத்தினோம். மட்டம் கோடு போட்டது போல நின்றது. அந்தோணி கட்டில் சட்டத்தையும் புதுச் சட்டத்தையும் சேர்த்து வலைக்கயிற்றால் இறுக்கிக் கட்டி, முடிச்சைப் பிள்ளை கை எட்டாத வெளிப்பக்கம் போட்டார்.

சவேரியம்மாள் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு, பக்கக் கட்டிலைப் பிடித்து உலுக்கினார். இரண்டு சட்டத்துக்கும் நடுவே விரலை நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. தன் முழங்கையை ஊன்றி முழுப் பாரத்தையும் போட்டார். அசையவில்லை. அதன்பிறகுதான் பிள்ளையை வாங்கி உள்ளே கிடத்தினார். பிள்ளை அழ ஆரம்பித்தது.

யாரும் அதை எடுக்கவில்லை. ரோசாலி தலையணையிலிருந்து தலையைத் தூக்காமல் கையை மட்டும் நீட்டினாள். பிள்ளைக்கு அடியில் கிடந்த துணியைப் பிடித்து மெல்லத் தன் பக்கம் இழுத்தாள். துணியோடு பிள்ளையும் வந்தது. ஆண்கள் எல்லாரும் வெளியே வந்துவிட்டோம். அழுகை நின்ற சத்தம் வெளியே கேட்டது. அப்படித்தான் சொல்ல வேண்டும்.

சிறிது நேரம் கழித்துச் சவேரியம்மாள் வாசலுக்கு வந்தார். எங்களைத் தாண்டிப் போய், வேலியோரம் நிழலில் முந்தானையை விரித்தார்.

"மாமி, என்ன பண்ணுறீங்க?" என்றார் அந்தோணி.

"உறங்கப்போறேன்ப்பா. பாத்தாத் தெரியல?"

ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் நடந்தது. பிள்ளை பாம்பனுக்குப் போகவில்லை.

4. கடையில் முதல் கேள்வி

அடுத்த மாதம் சவேரியம்மாளே எங்கள் கடைக்கு வந்தார். கூட இரண்டு பெண்கள், இருவருக்கும் பேரப்பிள்ளை பிறந்திருந்தது. "இவுக ரெண்டு பேருக்கும் அதே மாதிரி" என்றார். தாய்மாமன் வராமல் பெண்கள் வந்து தொட்டில் வகை வாங்கியது எங்கள் கடையில் அதுவே முதல் தடவை. முதலாளி அவர்களுக்குச் சோடா வாங்கி வரச் சொன்னார். அவர் சோடா வாங்கித் தந்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அவர்கள் போன பிறகு பட்டறைக்குப் போய் ஆசாரியிடம், "தீவனப்பெட்டி இன்னும் ரெண்டு அடிங்க" என்றார்.

அதன்பின் தொட்டில் கேட்டு யார் வந்தாலும், மாதிரியைக் காட்டும் முன் நான் கேட்கும் கேள்விகள் மாறிவிட்டன. தாய் எதில் படுத்திருக்கிறாள், பாயிலா கட்டிலிலா? தரை மண்ணா, சாணமா, சிமெண்டா? எந்தக் கைப்பக்கம் சுவர்? தெரியாது என்றால் வீட்டுக்குப் போய் அவளையே கேட்டு வரச் சொல்வேன். பரமக்குடியிலிருந்து வந்த ஒருவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் அளவோடு வந்தார்.

நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். வாங்குகிறவர் ஒருவர், அதன் பக்கத்தில் படுக்கிறவர் இன்னொருவர். அளவு எடுக்க வேண்டியது படுக்கிறவரிடம்.

அந்த முதல் பக்கக் கட்டில் ரோசாலி வீட்டில் நிற்கவில்லை. அவள் பிள்ளை தவழ ஆரம்பித்ததும் பக்கத்து வீட்டார் இரவல் கேட்டார்கள். அதில் படுத்த பிள்ளை கொழுகொழுவென்று இருக்கிறது, அது ராசியான கட்டில் என்று பேச்சு. அடுப்புக்குப் போக இருந்த மரத்துக்கு வரிசை வைத்துக் காத்திருந்தார்கள். கை மாறிக் கை மாறி அது தங்கச்சிமடத்தை விட்டே போய்விட்டது.

1967-இல் வேறு வேலையாக இராமேஸ்வரம் தீவுக்குப் போனபோது விசாரித்தேன். பாம்பனில் ஒரு வீட்டார் அது தங்களிடம் இருப்பதாகச் சொன்னார்கள். இராமேஸ்வரத்திலும் ஒரு வீட்டார் அதையே சொன்னார்கள். இரண்டையும் நேரில் பார்த்தேன். இரண்டும் பூவரசுக் கால். அந்த முதல் கட்டிலின் அடிப்பலகையில் மட்டும் ஆசாரி உளியால் ஒரு குறி வைத்திருந்தார், கவிழ்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் இரண்டு வீட்டிலும் அதில் பிள்ளை உறங்கிக்கொண்டிருந்தது. ஆகவே எது அசல் என்பது இன்றுவரை உறுதிசெய்யப்படவில்லை.