இல்லை என்று சொன்ன டயர்

தெருவில் அவனுக்கு மிளகாய் என்று பெயர். யார் வைத்தார்களோ தெரியாது. டயர் வாங்க வந்து, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போன யாரோ ஒருத்தர்தான் வைத்திருக்க வேண்டும். கடைக்குள் நுழைகிற ஆளை அவன் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டான். முதலில் வண்டியின் டயரைப் பார்ப்பான், அப்புறம் திட்டுவான். காற்றே இல்லாமல் ஓட்டி இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் அதற்கு ஒரு திட்டு. காற்றைக் கண்டபடி அடைத்து நடுப்பகுதி தேய்ந்திருந்தால் அதற்கு வேறொரு திட்டு. மொட்டை டயரோடு பெண்டாட்டி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்த பேக்கரிக்காரரைப் பார்த்து, "இவங்க மேல உங்களுக்கு அப்படி என்ன கோபம்?" என்று கேட்டான். அந்த மனுஷர் காசைக் கொடுத்துவிட்டு மீதி வாங்காமலே போனார்.

இத்தனைக்கும் கூட்டம் குறையவில்லை. வாயால் எரிப்பானே தவிர, தப்பான டயரை யார் தலையிலும் கட்ட மாட்டான். இருந்தால் இருக்கிறது என்பான், இல்லாவிட்டால் இல்லை என்பான். எதிர்க்கடைக்காரன் அப்படியில்லை. கேட்ட டயர் இல்லையென்றால், "அதைவிட இதுதான் சார் சூப்பர்" என்று கையில் இருப்பதைத் தள்ளிவிடுவான். மிளகாய்க்கு இது போதாதா? "இருக்கிறதை இல்லைன்னும் இல்லாததை இருக்குன்னும் சொல்ற வாய் என்கிட்ட கிடையாது" என்று ரோட்டைத் தாண்டிக் கேட்கிற மாதிரி நாள் தவறாமல் கத்துவான். பதிலுக்கு எதிர்க்கடைக்காரன் குப்பையைக் கூட்டி ரோட்டின் பாதிவரை தள்ளிவிட்டுப் போவான். அந்தக் கடை வாசலை மிளகாய் ஒரு நாளும் மிதித்ததில்லை.

அந்த எதிர்க்கடைக்காரனைவிட அவனுக்குப் பிடிக்காத ஆள் ஒருத்தர் உண்டு. தங்கையின் புருஷன்.

தங்கை இந்தக் கடையில் வளர்ந்தவள். பள்ளிக்கூடம் விட்டதும் வந்து அடுக்கிய டயர்கள் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண்களை எழுத்துக் கூட்டிப் படிப்பாள். எந்த எண் அகலம், எந்த எண் தேய்மானம் என்பதெல்லாம் வேலையாட்களுக்கு முன்னால் அவளுக்கு அத்துப்படி. வயது வந்ததும், கடை வேனை ஓட்டக் கற்றுக்கொடு என்று அண்ணனைக் கேட்டாள். மிளகாய் விழுந்து விழுந்து சிரித்தான். வேலையாட்களைக் கூப்பிட்டு, இவள் கேட்பதைக் கேளுங்கள் என்று அவர்களையும் சிரிக்க வைத்தான். அவள் அப்புறம் கேட்கவே இல்லை. எக்ஸ்ரே எடுக்கிற படிப்புப் படித்தாள், மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆஸ்பத்திரியில் வேலை வாங்கினாள், மாப்பிள்ளையையும் தானே பார்த்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஒல்லி. தேய்த்த சட்டை. எதைக் கேட்டாலும் கொஞ்சம் யோசித்துவிட்டு, மெல்லிய குரலில் பதில் சொல்வார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா இந்த ஆளுக்கு என்று மிளகாய்க்குப் பற்றிக்கொண்டு வரும். தன்னைக் கேட்காமல் முடிந்த கல்யாணம் என்பதால், அவர் எது செய்தாலும் வேப்பங்காயாகக் கசந்தது. அந்தச் சமயத்தில்தான் தங்கை வீட்டு வாசலில் ஒரு சிவப்புக் கார் வந்து நின்றது. இரண்டே கதவு, தரையோடு ஒட்டிய உடம்பு, சீறுகிற இன்ஜின். கண்ணாடி விற்கிறவனுக்கு வந்த பவுசைப் பார் என்று மிளகாய் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி மாய்ந்தான்.

ஒரு நாள் காலையில் அந்தக் கார் கடைக்கே வந்தது. முன்னால் வந்தது, பின்னால் போனது, மறுபடி முன்னால் வந்தது, கடைசியில் கடை வாசலைப் பாதி அடைத்துக்கொண்டு கோணலாக நின்றது. திமிரைப் பார், வழியை மறித்து நிறுத்துகிறான் என்று மிளகாய் பல்லைக் கடித்தான். இறங்கிய மாப்பிள்ளை நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிற மாதிரி சொன்னார். நாலு டயரையும் மாற்ற வேண்டும். சீக்கிரம் தேய்ந்துவிடுகிறது. இந்த முறை நீண்ட நாள் உழைக்க வேண்டும், ஆனால் வளைவிலும் மழையிலும் பிடிப்புக் குறையக் கூடாது.

மிளகாய் குனிந்து முன் டயரைத் தடவிப் பார்த்தான். வெளி ஓரத்து ரப்பர் சீவி எடுத்த மாதிரி போயிருந்தது. விரலை ஒரு பக்கமாக ஓட்டினால் வழவழப்பு, மறுபக்கமாக ஓட்டினால் ரம்பம். வேறு அத்தாட்சி எதற்கு? இது வளைவில் வேகத்தைக் குறைக்கவே குறைக்காத ஆள் ஓட்டிய வண்டி. மலை ரோட்டு வளைவுகள் ஒவ்வொன்றும் அவன் கண் முன்னால் வந்தது. அந்த வளைவுகளில் இவன் பக்கத்தில் தன் தங்கை உட்கார்ந்து போகிறாள் என்று நினைத்ததும் ரத்தம் தலைக்கு ஏறியது.

"மலை ரோட்டுல பறக்குறீங்க போல."

மாப்பிள்ளை தன் செருப்பைப் பார்த்தார். "டயரை மட்டும் பாருங்க மச்சான்."

"பக்கத்துல என் தங்கச்சி உட்கார்ந்திருக்கா. ஞாபகம் இருக்கா?"

மாப்பிள்ளை வாயைத் திறந்தார், ஏதோ சொல்ல வந்தார், உதட்டைக் கடித்து முழுங்கிவிட்டார். அது சிரிப்பு என்றே மிளகாய்க்குத் தோன்றியது. அதோடு அவனுக்குப் புத்தி கெட்டது.

அவர் கேட்டது அப்படியே பின்னறையில் இருந்தது. இந்த மாதிரி கார்களுக்கென்றே செய்த டயர், நாலும் புதுசு. தண்ணீரை வாரித் தள்ளுகிற ஆழமான கோடுகள், வளைவில் விடாத பிடிப்பு, அப்படியிருந்தும் சீக்கிரத்தில் தேயாத ரப்பர். இறக்கி வைத்த அன்றைக்கு, இதை வாங்கப் போகிற புண்ணியவான் யாரோ என்று அவனே சொல்லியிருந்தான். இப்போது நிமிர்ந்து நின்று, அப்படி ஒரு டயர் தன்னிடம் இல்லை என்றான். உழைப்பும் பிடிப்பும் ஒரே டயரில் வராது, உழைக்க வேண்டுமென்றால் இதுதான் என்று டாக்சிக்குப் போடுகிற கெட்டி ரப்பர் கட்டை டயர்களை எடுக்கச் சொன்னான். வேலையாள் பின்னறைப் பக்கம் கையைக் காட்டி, "அண்ணே, அங்க..." என்று ஆரம்பித்தான். மிளகாய் முறைத்த முறைப்பில் கை இறங்கிவிட்டது.

அவன் போட்ட கணக்கு இது. கட்டை டயர் லேசாகத் திருப்பினாலே கத்தும். கத்தினால் எப்பேர்ப்பட்ட ஆளும் நடுங்குவான், நடுங்கினால் மெதுவாகப் போவான், தங்கை பத்திரமாக வீடு போய்ச் சேருவாள். தானே உட்கார்ந்து நாலையும் மாட்டினான். மாப்பிள்ளை ரொம்ப நன்றி மச்சான் என்று சொல்லிவிட்டு, வண்டியை எடுக்க மறுபடியும் அதே பாடு பட்டுக் கிளம்பினார். அந்த நன்றியும் மிளகாய்க்குப் பிடிக்கவில்லை. சாயங்காலம் எதிர்க்கடையைப் பார்த்து வழக்கமாகக் கத்துவதைக் கத்த வாயெடுத்தான், பாதியிலேயே இருமலாகி நின்றுபோனது. அவள் நல்லதுக்குத்தானே செய்தேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது.

சிவப்புக் கார் மழையில் ஊர்ந்து வந்து கடை முன்னால் நின்றபோது, அதன் ஒரு பக்கத்து முகப்பு நசுங்கி, விளக்கு ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது. மிளகாய் கல்லாவிலிருந்து பாய்ந்தான். இத்தனை வருஷம் சேர்த்து வைத்த வசவெல்லாம் நாக்கு நுனியில் நின்றது. "கொன்னுட்டியாடா என் தங்கச்சிய?" என்று கத்திக்கொண்டே ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவைப் பிடுங்கித் திறந்தான்.

ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தங்கை உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் ஒரு சிராய்ப்பு. மாப்பிள்ளை பக்கத்து இருக்கையில், மேலே இருக்கும் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தபடி, வெளிறிப் போய் இருந்தார்.

அவள் இறங்கினாள். குரலை உயர்த்தவே இல்லை. அவள் சத்தம் போட்டிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். தினமும் போகிற வளைவுதானாம். ஈரம் என்று வேகத்தைக் குறைத்துத்தான் திருப்பினாளாம். வண்டி காதிலேயே போட்டுக்கொள்ளாமல் நேராகப் போய்த் தடுப்புச் சுவரில் இடித்து நின்றதாம். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அண்ணனுக்கே தெரியும் என்றாள். பிறகு உட்கார்ந்து டயரின் பக்கவாட்டு எண்ணைக் கட்டை விரலால் துடைத்தாள்.

"இது டாக்சி டயர். இந்த வண்டிக்கு இதைப் போடலாமா? உனக்குத் தெரியாதா?"

"வேகமா ஓட்டுறானேன்னுதான்..."

"நான்தான் ஓட்டுறேன். வண்டி வாங்கினதும் நான்தான். மலை ரோட்டுல வேகமா போறது எனக்குப் பிடிக்கும். இவருக்கு ஒழுங்கா நிறுத்தவே வராது, பார்த்த இல்ல?"

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா சிரிப்ப."

மிளகாய் வாயை மூடியிருக்கலாம். மூடிப் பழக்கமில்லாத வாய். "நீதான் ஓட்டுறன்னு தெரிஞ்சா இதைப் போட்டிருப்பேனா?" என்று வந்துவிட்டது.

தங்கை மெதுவாக எழுந்தாள். "அப்போ இவர் செத்தா பரவாயில்ல."

அப்படியில்லை என்று மிளகாய் சொல்ல வேண்டும். ஆனால் டயரை மாட்டும்போது அந்த ஆளைப் பற்றி ஒரு நிமிஷமாவது நினைத்தோமா என்று யோசித்தால், நினைக்கவில்லை. உள்ளே வா, மாற்றித் தருகிறேன் என்று மட்டும் முணுமுணுத்தான். இனி உன் கை என் வண்டி மேல் படக் கூடாது என்றாள் தங்கை. ஏறி உட்கார்ந்து, ரோட்டைக் குறுக்கே கடந்து, எதிர்க்கடைக்குள் காரை ஏற்றினாள்.

எதிர்க்கடைக்காரனிடம் அன்றைக்கென்று பார்த்து அதே டயர் இருந்தது. அவனுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லவா வேண்டும். ரிம்முக்கும் அச்சுக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்துவிட்டு, ஆட்களை விட்டு மளமளவென்று மாட்டச் சொன்னான். மிளகாய் தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே ஒருத்தன் மெஷினை வைத்து வீல் நட்டுகளை வரிசையாக ஒன்றையடுத்து ஒன்று முடுக்கினான். எதிரெதிராக முடுக்க வேண்டும், ஜாக்கியை இறக்கிக் கையால் இன்னொரு முறை பார்க்க வேண்டும். இவன் அப்படியே துணியால் துடைத்துவிட்டு எழுந்தான்.

மிளகாய் ஸ்பானரை எடுத்துக்கொண்டு மழையில் ரோட்டைக் கடந்தான். யாரையும் பார்க்காமல் முன் சக்கரத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான். எழுந்திரு என்றாள் தங்கை.

"திட்டு. எவ்வளவு வேணா திட்டு. இதை மட்டும் முடுக்கிடுறேன்."

அவள் திட்டவில்லை. அவன் ஒரு சக்கரம் முடித்து அடுத்ததற்கு நகர்ந்தான். திடீரென்று முதுகில் மழை நின்றது. நிமிர்ந்தால் மாப்பிள்ளை குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார். குடை முழுக்க மிளகாய் மேல், அவர் தோள் நனைகிறது. மிளகாய்க்கு அதைத் தாங்க முடியவில்லை.

"குடையைத் தள்ளிப் பிடிங்க. வெளிச்சத்தை மறைக்குது" என்று எரிந்து விழுந்தான். மாப்பிள்ளை குடையை லேசாகச் சாய்த்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

நாலும் முடிந்தது. தங்கை போய் வருகிறேன் என்று சொல்லவில்லை, கண்ணாடியைக்கூட இறக்கவில்லை. கார் தெருமுனைக்குப் போய், அவள் வழக்கப்படி வேகத்தோடு திரும்பியது. மிளகாய் காதைக் கொடுத்தான். டயர் கத்தவில்லை.

எதிர்க்கடைக்காரன் பக்கத்தில் வந்து நின்றான். இத்தனை வருஷத்து வசவுக்கும் சேர்த்து வைத்திருந்ததை நிதானமாகக் கேட்டான்.

"என்ன மிளகாய், சொந்தத் தங்கச்சி வண்டிக்குப் போட உன் கடையில இந்த டயர் இல்லையா?"

கடை வேலையாட்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், பேச்சு அதோடு முடிந்திருக்கும். மிளகாய் ஸ்பானரைக் கையில் பிடித்தபடி நனைந்துகொண்டு நின்றான்.

"இருந்துச்சு" என்றான்.