மீன் வரிசையில் என் கடைக்குப் போணி

எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. எட்டு வருஷம் பாண்டி மேட்டுப்பாளையத்துத் தொழிற்சாலையில் ஃபிரிட்ஜுக்கு கம்ப்ரசர் பொருத்திக்கொண்டிருந்தவள், ஒருநாள் சூப்பர்வைசரிடம் போய், “சொந்தமா ரிப்பேர் கடை போடப் போறேன் சார்” என்று சொன்னதும் ஒரு கோபத்தில்தான். அவர் நல்ல மனுஷன். “மூணு மாசம் லீவுல போம்மா. எடத்த வச்சிருக்கேன். அதுக்கு மேல என்னால முடியாது” என்றார். ஆகவே என் கையில் இருந்தது மூன்று மாதம். அதற்குள் கடை நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பழையபடி ஷிப்ட், சங்கு, வரிசை.

உழவர்கரையில் ஒரு ஷட்டர் கடை பிடித்தேன். போர்டு வைத்தேன். நெட்டில் விளம்பரமும் கொடுத்தேன். யாராவது போனில் ‘ஃபிரிட்ஜ் ரிப்பேர் பாண்டி’ என்று தேடினால் என் கடை முதலில் வரும். வருவதற்குக் காசில்லை. அதைத் தொட்டுத் திறந்தால் என் காசு போகும், ஒவ்வொரு தொடலுக்கும். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று நான் ஒரு அளவு வைத்திருந்தேன். அது தீர்ந்துவிட்டால் மறுநாள் வரைக்கும் என் கடை நெட்டில் தலைகாட்டாது.

அது தினமும் தீர்ந்தது. கடை திறந்து போனைப் பார்த்தால் அன்றைய காசு முழுக்க காலி. தொட்டவர்கள் இத்தனை பேர் என்று காட்டும், ஆனால் ஒரு ஆள்கூட கூப்பிட்டிருக்க மாட்டார்கள். ஒன்றரை மாதம் இப்படியே போனது. நான் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் ஒரு வீடியோவில் கேள்விப்பட்டேன், போட்டிக் கடைக்காரர்கள் வேண்டுமென்றே தொட்டுத் தொட்டு அடுத்தவன் விளம்பரத்தைத் தீர்த்துவிடுவார்களாம். இதற்கென்று ஆள் வைப்பவர்கள்கூட உண்டாம். எனக்கு உடனே இரண்டு தெரு தள்ளியிருக்கிற ஃபிரிட்ஜ் கடைக்காரர்தான் ஞாபகத்துக்கு வந்தார்.

செருப்பைக்கூட சரியாக மாட்டாமல் போனேன். கடையும் வீடும் ஒன்றாக இருந்தது அவருக்கு. “ஏன்ணா, ஒரு பொம்பள பொழைக்கிறது உங்களுக்குப் பொறுக்கலையா? தினமும் என் விளம்பரத்த தொட்டுத் தொட்டு காலி பண்றீங்களே, வயிறு எரியுதுண்ணா!” என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

அவர் கழற்றிய கதவின் ரப்பரைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தார். “எத்தன மணிக்குக் காசு போவுதுன்னு பாத்தியாம்மா?”

பார்க்கவில்லை. அங்கேயே நின்று போனில் தேடினேன். எல்லாத் தொடலும் காலை ஐந்தரைக்கும் ஆறரைக்கும் நடுவில்.

“அந்நேரத்துக்கு நான் கொறட்ட வுட்டுக்குனு இருப்பேன்” என்றார். உள்ளே இருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: “அது மட்டும் சத்தியமான உண்மைம்மா. எட்டு மணிக்குத் தண்ணி ஊத்திதான் எழுப்புறேன்.” எனக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவரோ ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

ஐந்தரை மணிக்கு எவனுக்கு ஃபிரிட்ஜ் ஞாபகம் வரும்? அன்றைக்கு முழுக்க அதே யோசனை. மறுநாள் ஞாயிறு. மீன் வாங்கவும், அம்மாவிடம் சொல்லி அழவும் விடிகாலையிலேயே பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். அம்மா அங்கே மீன் விற்கிறாள். அவளுக்குப் பக்கத்தில் உட்காருகிற பெரியம்மா சொந்தமில்லை, ஆனால் சொந்தத்துக்கு மேல். அந்த வரிசையிலேயே கைராசிக்காரி அவள்தான். அவள் கையால் முதல் வியாபாரம், அதாவது போணி, நடந்துவிட்டால் அன்றைக்குக் கூடை காலியாகாமல் வீடு திரும்ப மாட்டோம் என்று பெண்களுக்கெல்லாம் அப்படி ஒரு நம்பிக்கை.

நான் போனபோது பெரியம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டு, போனை வாய்க்கு அருகில் வைத்து, “ஃபிரிட்ஜு ரிப்பேரு, பாண்டி” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டு ஒரு தொடல். தொட்ட விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “போணி ஆச்சு! தொடுங்கடி எல்லாம்!” என்று குரல் கொடுத்தாள். வரிசை முழுக்க போன்கள் வெளியே வந்தன. சங்கரா விற்கிறவள், நெத்திலி விற்கிறவள், இறால் உரிக்கிறவள், ஆளுக்கு ஒரு தொடல். கடைசியில் என் அம்மா.

“எம்மா! இன்னாம்மா பண்றீங்க?”

“ஒன் கடைக்குப் போணிடி” என்றாள் அம்மா, முகமெல்லாம் பூரித்துப்போய். “நீதான சொன்ன, ஆளுங்க தொட்டாதான் கட நிக்கும்னு? மொத நாள்லேருந்து ஒருநாள் வுடல நாங்க.”

சொன்னது நான்தான். விளம்பரம் கொடுத்த அன்றைக்கு, பெருமை தாங்காமல் போனில் இப்படித் தேடு, இப்படித் தொடு என்று அவளுக்குக் காட்டியதும் நானேதான். ஒரே போனில் பத்துத் தடவை தொட்டிருந்தால் விளம்பரக் கம்பெனிக்காரன் கள்ளத் தொடல் என்று கண்டுபிடித்துக் கழித்திருப்பானோ என்னவோ. இவர்கள் ஆளுக்கு ஒன்று, ஒரு நாளைக்கு ஒன்று, அவ்வளவு ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள்.

ஒவ்வொரு தொடலுக்கும் என் காசு போகிறது என்று சொன்னேன். எவ்வளவு என்று கேட்டாள் அம்மா. “ஒரு கூறு நெத்திலி வெல” என்றேன். அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. பெரியம்மாவுக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “தொட்டதுக்கு எவண்டி துட்டு வாங்குறான்? விடிஞ்சாப் போதும், செவுள தூக்கிப் பாக்குறா, வயித்த அமுக்கிப் பாக்குறா, வாங்காமப் போறா. நாங்க அவளுங்ககிட்ட துட்டா கேக்குறோம்?”

என் கோபம் போன இடம் தெரியவில்லை. சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதேன். இத்தனை நாளாக எவனோ என்னைக் கெடுக்கிறான் என்று பொருமிக்கொண்டிருந்தேன். ஒரு வரிசை முழுக்க எனக்காக விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்திருக்கிறது. நான் எவ்வளவு கொடுத்துவைத்தவள் என்று அந்த மீன்தண்ணியில் நின்றபோதுதான் தெரிந்தது.

அன்றைக்கே விளம்பரத்தைக் காலை ஒன்பது மணிக்கு மேல்தான் வரும்படி மாற்றினேன். “இனிமே தொடாதீங்க. ஆசையா இருந்தா பெரியம்மா மட்டும் என் நம்பருக்கு ஒரு போன் போடட்டும். அதுக்குக் காசில்ல” என்றேன். பெரியம்மா விடுவாளா? தினமும் ஆறு மணிக்கு அடிப்பாள். “ஃபிரிட்ஜு கடையா? போணி!” என்று சொல்லி வைத்துவிடுவாள்.

கடைக்கும் நிஜமான போன்கள் வர ஆரம்பித்தன. ஒருநாள் இரண்டு, ஒருநாள் நான்கு. நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் மாதம் பிறந்தால் வருகிற சம்பளத்தின் மேல் இருக்கிற தைரியம் இதன் மேல் வரவில்லை. மூன்று மாதம் முடிந்தது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கூப்பிடுகிறேன், முடிவைச் சொல்லிவிடு என்றிருந்தார் சூப்பர்வைசர். எனக்கு முடிவு தெரியவில்லை.

அந்தத் திங்கட்கிழமையும் ஆறு மணிக்குப் போன் அடித்தது. “ஆச்சு பெரியம்மா, போணி ஆச்சு, வை” என்றேன்.

“வைக்காதடி! நெசமாவே வூட்ல என் ஃபிரிட்ஜு நின்னுட்டுது. மீனெல்லாம் உள்ள கெடக்கு, ஓடியா!”

போனேன். கம்ப்ரசரைக் கிளப்பிவிடுகிற ரிலே எரிந்திருந்தது. மாற்றினேன். கம்ப்ரசர் ஒரு தரம் உதறிவிட்டு ஓட ஆரம்பித்ததும் பெரியம்மா சுருக்குப்பையை அவிழ்த்தாள். “உன்கிட்ட நான் காசு வாங்குவேனா?” என்றேன்.

“போணிய வேணாம்னு சொல்லுவியா, பைத்தியக்காரி? கடனும் கூடாது, சும்மாவும் கூடாது. புடி!” மீன் வாசம் அடிக்கிற நோட்டை என் உள்ளங்கையில் அழுத்தினாள்.

மணி எட்டு. என் போன் அடித்தது. சூப்பர்வைசர். அம்மா தினமும் விடிகாலையில் செய்கிற மாதிரியே நோட்டை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன். பிறகு போனை எடுத்து, “வரல சார், கடைல வேல இருக்கு” என்றேன்.