வெந்நீர் ஊரில் பதினான்காவது ஆள்

பனி சப்பாத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. நான் இறங்கிக்கொண்டிருந்தேன்.

வலப்பக்கம் ஆறு. அதிலிருந்து ஆவி எழும்புகிறது, தண்ணீரே சூடு. பின்னால் மலைச்சரிவில் விடுதிகள். அவற்றில் ஒன்றில் என்னோடு சுற்றுலா வந்தவர்கள் வெந்நீர்த் தொட்டிக்குள் கழுத்துவரை இருந்தார்கள். முன்னால், இருபத்தைந்து நிமிட நடையில் ரயில் ஸ்டேசன். நான்கு மணிக்கு அங்கே ஒரு வெள்ளை வான் வரும். அதில் ஏறிவிட்டால் ஜப்பானில் எந்தக் கடதாசியிலும் நான் இருக்கமாட்டேன்.

ஏன் திரும்பி வந்தாய் என்று சில வாரமாகக் கேட்கிறீர்கள். இந்தப் பத்தியை வாசிக்கும் ஒருவர் மன்னார் பஸ் ஸ்டாண்டில் மறித்தே கேட்டார். ‘குளிர் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று சமாளித்தேன். பொய். குளிர் நன்றாகவே ஒத்துக்கொண்டது.

நான் அங்கே போனது மாணவனாக. இருபத்தெட்டு வயதில் மாணவன்! மண்டபம் அகதி முகாமில் எட்டாம் வகுப்புவரை, மன்னாருக்குத் திரும்பிவந்து மிச்சம். பன்னிரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்ததற்குக் கடதாசி இருக்கிறது. இருந்தேன்… அவ்வளவுதான்.

பகலில் மொழிப் பள்ளிக்கூடம். மற்ற நேரம் சாப்பாட்டுப் பெட்டி அடைக்கும் தொழிற்சாலை. ஒரு வருடம் முடிவதற்குள் வகுப்பு வரவும் விழுந்தது, பரீட்சையும் விழுந்தது. இனி விசா நீடிக்காது என்று எங்கள் ஆசிரியை — அங்கே சென்செய் என்பார்கள் — நேராகவே சொல்லிவிட்டார். அந்த வாரம்தான் தொலைபேசியில் ஓர் அண்ணன் வந்தார். முகம் தெரியாது. பேச்சு எங்கள் கரைப் பேச்சு.

“சுற்றுலா போற இடத்தில கழருடா தம்பி. கட்டடம் உடைக்கிற வேலை. ஒருத்தனும் ஒண்டும் கேக்கமாட்டான். சிம்மைக் கழட்டி எறிஞ்சிட்டு வா.”

எறிந்துவிட்டேன்.

ஒரு சிக்கல் இருந்தது. அதற்குப் பெயர் ஜெசிந்தா. என் அறைத்தோழன் அன்ரனின் தங்கை. மன்னார்ப் பக்கம் வெள்ளாங்குளம். அதே பள்ளிக்கூடத்தில் ஏப்ரலில் சேர விண்ணப்பம் போட்டுவிட்டுப் பதில் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தைய வருடம் வேறொரு நாட்டு மாணவர்கள் மூன்று பேர் இப்படித்தான் காணாமல் போனார்கள். அதற்குப் பிறகு அவர்களுடைய ஊர்ப் பக்கமிருந்து ஒரு விண்ணப்பத்தையும் பள்ளிக்கூடம் எடுக்கவில்லை. நான் போனால் ஜெசிந்தாவின் கதையும் அதுதான்.

இது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துகொண்டுதான் நடந்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

விட்டுப் போவது எனக்குப் புதிதல்ல. புத்தளத்தில் உப்பளத்தை விட்டேன். கட்டாரில் ஒரு மதியச் சாப்பாட்டு இடைவேளையில் எழும்பி நடந்தேன். கொழும்பில் லொறியை ஓரமாக நிறுத்திச் சாவியை அதிலேயே விட்டுவிட்டுப் போனேன். எல்லா இடத்திலும் ஒரே முறை — சொல்லாமல் போவது. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் பதில் வேண்டும். யாரிடம் இருக்கிறது பதில்?

அந்த விடுதியிலிருந்து நழுவுவதும் சுலபமாகத்தான் இருந்தது. சென்செய் போகுமிடமெல்லாம் மஞ்சள் கொடியைத் தூக்கிப் பிடித்துத் தலை எண்ணுவார். பதினான்கு வந்தால்தான் பஸ் நகரும். குளிக்கும் ஒன்றரை மணித்தியாலம் மட்டும் எண்ண முடியாது. ஆண்கள் பக்கம் அவர் வரமாட்டார்தானே?

அங்கே சாரத்தோடு இறங்க விடமாட்டார்கள். உடம்பில் ஒரு நூல் இருக்கக் கூடாது. கிணற்றடியில் சாரம் கட்டிக் குளித்து வளர்ந்த ஆட்களுக்கு இது எப்படி இருக்கும்? அன்ரன் கதவிடுக்கால் எட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

“மச்சான், கரையில கடலட்டை அவிக்கிற கொப்பரை மாதிரிக் கிடக்கு. நேப்பாளப் பெடியள் அவிஞ்சு சிவந்திட்டாங்கள்.”

“நீ போ. எனக்கு வெட்கமாக் கிடக்கு.”

“எனக்கு மட்டும் இல்லையோ? கண்ணை மூடிக்கொண்டு இறங்கப்போறன்.”

போனான். நான் பையைத் தூக்கினேன். ஒருவரும் சந்தேகப்படவில்லை. மன்னார் ஆணின் வெட்கத்தைவிட நல்ல கடவுச்சீட்டு உண்டா?

பாதி வழியில் கால்விரல் நோகத் தொடங்கியது. குளிர் என்று நினைத்தேன். மூன்று நாற்பது. எதிரே வந்த ஒரு கிழவர் தலை குனிந்து வணங்கிவிட்டுப் போனார். நானும் குனிந்தேன். திருடனுக்கும் அங்கே மரியாதை குறையாது.

பின்னால் தடதடவென்று சத்தம்.

“டேய் சேகர்! நில்லடா!”

அன்ரன். விடுதியில் கொடுக்கும் மெல்லிய நீலப் பருத்தி அங்கி மட்டும். தலை ஈரம். முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை, பெரிய கறுப்புச் சப்பாத்தைத் தவிர. நான் நிற்கவில்லை. தங்கையைப் பற்றிக் கத்துவான், காலில் விழுவான், அல்லது அடிப்பான். மூன்றுக்கும் தயாராகத்தான் இருந்தேன்.

“என்ட சப்பாத்தைத் தந்திட்டு ஓடு!”

அதற்குத் தயாராக இல்லை. குனிந்து பார்த்தேன். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய ஒரே மாதிரிச் சப்பாத்துகள். அவனுடையது ஒரு அளவு சிறியது. மடு மாதா கோயில் திருவிழாவில் செருப்பு மாறிப்போனால் கிடைத்ததை மாட்டிக்கொண்டு வருவோமே… அந்தப் பழக்கத்தில் பார்க்காமல் மாட்டியிருக்கிறேன்.

வீதியோர இரும்புத் தடுப்பில் இருவரும் இருந்தோம். நான் கயிற்றை அவிழ்த்தேன். அவன் கால் நீலம் பாரித்திருந்தது. காலுறைகூட இல்லாமல் வந்திருக்கிறான்.

“எங்க போறாய்?” என்றான்.

“தெரியாதோ?”

“தெரியும். உன்ட வாயால சொல்லு.”

“வேலைக்கு. பிடிபடுமட்டும் உழைப்பன். பிடிச்சா அனுப்புவாங்கள். எனக்கென்ன?”

“உனக்கு ஒண்டுமில்லை. எங்கட உப்புக்குளத்துக் கழுதைகூட வண்டி வந்தா ஒதுங்கி நிக்கும். நீ அதுவுமில்லை.”

“ஜெசிந்தாவை நான் என்னடா செய்தனான்? நான் வேற, அவள் வேற.”

“உன்ட பைலிலயும் மன்னார் எண்டு இருக்கு. அவள்ட பைலிலயும் மன்னார் எண்டுதான் இருக்கு. அங்க இருக்கிறவனுக்கு நீங்கள் ரெண்டு பேரும் ஒரு ஊர்ப்பேர், அவ்வளவுதான்.”

அவன் அங்கிக்குள் கைவிட்டுத் தொலைபேசியை எடுத்தான். பல்லுக் கிட்டியது. “நான் அவளுக்குச் சொல்லமாட்டன். நீயே சொல்லிட்டுப் போ.”

அழைத்து என் கையில் திணித்துவிட்டான். நான் எத்தனையோ இடங்களை விட்டுப் போயிருக்கிறேன். இப்படி ஒருவனும் செய்ததில்லை.

“அண்ணா!” ஜெசிந்தா அன்ரன் என்று நினைத்துவிட்டாள். “நல்ல நேரம் எடுத்தீங்கள். குளிருக்கு உள்ளுக்குப் போடுற உடுப்பு எத்தினை வேணும்? நான் ரெண்டு வாங்கிட்டன். இஞ்ச வெயில் கொளுத்துது, கம்பளி கேக்கக் கடைக்காரன் சிரிக்கிறான்.”

“அன்ரனில்லை. சேகர்.”

“ஆ, சேகர் அண்ணாவோ! நீங்களே சொல்லுங்கோ, ரெண்டு காணுமோ?”

விண்ணப்பத்துக்குப் பதில்கூட வரவில்லை. அதற்குள் கம்பளி வாங்கிவிட்டாள். கீழே ஸ்டேசன் கூரை தெரிந்தது. வாசலில் ஒரு வெள்ளை வான் வந்து நின்றது. நேரத்துக்கு முன்னாலேயே. அன்ரனும் அதைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை, குனிந்து தன் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். விரல் விறைத்து முடிச்சு விழவில்லை. மறுபடி கட்டினான். மறுபடியும் விழவில்லை.

“அண்ணா? கேக்குதோ?”

“கேக்குது,” என்றேன். “ரெண்டு காணாது. மூண்டு வாங்கு.”

பெரிய மனதோடு எடுத்த முடிவு என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கேள்விக்கு வேறு பதில் வாயில் வரவில்லை.

நாலேகாலுக்குத் தலை எண்ணுவார்கள். ஏற்றம். ஓடினோம். அவன் இரண்டு தரம் விழுந்தான், நான் ஒரு தரம். வாசலில் மஞ்சள் கொடி தெரிந்தது. சென்செய் விரலை நீட்டி எண்ணிக்கொண்டிருந்தார். எங்கள் இருவரிலும் வந்து விரல் நின்றது. பதினான்கு. பிறகு என் முதுகில் இருந்த பையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். குளிக்கப் போகிறவன் எதற்குக் குளிருடுப்போடு முழுப் பையையும் சுமக்கிறான்?

பொய் ஒன்று தயாராக இருந்தது. கடைக்குப் போனோம் என்று சொல்ல ஜப்பானிய மொழியும் தெரியும். ஓடிப்போவது என்பதற்குத்தான் சொல் தெரியாது. இடது உள்ளங்கையில் வலது கையின் இரண்டு விரலை ஓடவிட்டுக் காட்டினேன். பிறகு அந்த விரல்களைத் திருப்பி அவர் பக்கம் நடக்கவிட்டேன். “படிப்பை விடுகிறேன். ஊருக்குப் போகிறேன். சொல்லிவிட்டுப் போகிறேன்” என்றேன்.

முறைப்படி எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறுகிறவனைப் பள்ளிக்கூடம் காணாமல் போனவர்களில் சேர்க்காது. ஆனால் ஓடப் பார்த்தவன் என்று அவர் மேலிடத்துக்குச் சொன்னால்?

சென்செய் கொடியைச் சுருட்டினார். மெதுவாக, ஓரம் ஓரமாகச் சேர்த்து. “திங்கட்கிழமை படிவம் தருகிறேன். எழுதிக் கையெழுத்து வையுங்கள்” என்றார். பிறகு, “இன்னும் குளிக்கவில்லையா? போய்க் குளியுங்கள். பஸ் நிற்கும்.”

குளித்தேன். நூல்கூட இல்லாமல். கொப்பரைதான், சந்தேகமில்லை.

மூன்று வாரத்தில் ஊர். அன்ரன் தந்துவிட்ட பார்சலோடு வெள்ளாங்குளம் போனேன். ஜெசிந்தாவைப் பள்ளிக்கூடம் எடுத்துக்கொண்டதாகக் கடிதம் வந்திருந்தது. ஆனால் அவள் முகம் சரியில்லை. அவள் வேலை செய்தது நண்டுக் கொம்பனி ஒன்றில். அவித்த நண்டை உடைத்துச் சதை எடுக்கும் இடம். விசாவுக்கு அவர்களுடைய சேவைக் கடிதம் வேண்டும். மேற்பார்வை செய்யும் அக்காவோ, சீசன் நேரம், உன் இடத்துக்கு ஓர் ஆளைக் கொண்டுவந்து விட்டால் கையெழுத்து வைக்கிறேன் என்று பிடிவாதமாக நின்றார். தெரிந்த பெண்களை எல்லாம் கேட்டுக் களைத்துப்போயிருந்தாள். அந்த வாரத்துக்குள் விசாவுக்குக் கொழும்புக்குப் போகாவிட்டால் ஏப்ரல் தப்பிவிடும்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அந்தக் கொம்பனி வாசலில் நின்றேன். உள்ளே நாற்பது பெண்கள். நாற்பது பேரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

“ஆள் கொண்டா எண்டா, ஆம்பிளையைக் கொண்டந்திருக்கிறாள்!” என்றார் அக்கா. “ஜப்பானில என்ன படிச்சனீங்கள்?”

“ஒண்டுமில்லை அக்கா.”

“நல்லம். இஞ்ச அதுதான் தேவை. எத்தினை நாளைக்கு நிப்பீங்கள்?”

வெள்ளைத் தொப்பியை இழுத்துக் காதை மூடினேன்.

“அவள் பிளேன் ஏறுமட்டும்.”

அக்கா கையெழுத்து வைத்தார். எனக்கு முன்னால் ஒரு கூடை நண்டு வந்து இறங்கியது.