எந்த எஸ்டேட் என்று கேட்ட வை.பி.

இன்று காலை சுங்கை காடுட் பசாரில், பகாவ் பக்கம் எங்களுக்குச் சட்டமன்ற உறுப்பினராக இருந்தவரைப் பார்த்தேன். மூன்று முறை வென்றவர், போன முறை தோற்றவர். மீன் கடைக்காரருக்கு அவர் இன்னும் வை.பி.தான், மாண்புமிகுதான்.

"எந்த எஸ்டேட்டும்மா?" என்று என்னிடம் கேட்டார்.

சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது.

"அங்க நான் தோத்ததே இல்லம்மா! போன தடவகூட எல்லாரும் எனக்குத்தான் போட்டாங்க. சௌக்கியமா இருக்காங்களா?"

எங்கள் எஸ்டேட்டின் லயத்து வீடுகளை உடைத்து ஆறு வருடமாகிறது. மாற்று வீடு வாங்கித் தருவதாகச் சொன்னவரே இவர்தான். இங்கே வாடகைக்கு இருக்கும் நாங்கள் ஐ.சி. அடையாள அட்டையில் முகவரியை மாற்றவில்லை. தேர்தலன்று மட்டும் பஸ் பிடித்து அங்கே போய் ஓட்டுப் போடுகிறோம்.

"அங்க இப்ப யாருமே இல்லயே வை.பி."

"ஓட்டர் லிஸ்ட்ல இருக்காங்க லா," என்று சிரித்தார்.

நீங்கள் எந்த எஸ்டேட்டில் இன்னும் குடியிருக்கிறீர்கள்? லிஸ்ட்டைப் பார்த்துச் சொல்லுங்கள்.